“மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீங்கதானே?”: இளம் குடும்ப வைத்தியர்களுக்குக் கற்பிக்க வேண்டிய பாடம்

சுமார் இருபது வருடங்களுக்கு முன்னர் கிழக்கில் ஒரு சிறிய வைத்தியசாலையில் நான் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். மாதாந்த கிளினிக்குக்கு அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க வயற்காரர் ஒருவர் தவறாமல் வருவார். சீனி வருத்தம். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் சீனி 240, 260 என்று உயர்ந்தே இருக்கும். ஒவ்வொரு முறையும் நான், “மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீங்கதானே?” என்று கேட்பேன். அவர் “ஓம் டொக்டர்” என்பார். நான் அளவைக் கூட்டி எழுதுவேன். அரைக் குளிசையில் தொடங்கிய கிளிபென்கிளமைட் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்ற உச்ச அளவுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் ஸுப்ஹுக்கு முன்னர் அவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். உடல் முழுக்க வியர்வை. பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சீனி 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். ஆனால் அந்தக் குளிசையின் வேலை வயதானவர்களின் உடலில் இலகுவில் முடிவதில்லை. சீனி மீண்டும் மீண்டும் இறங்கியதால் மூன்று நாட்கள் விடுதியில் வைத்திருக்க நேர்ந்தது.

நடந்தது இதுதான். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகள், வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குளிசைப் பைகளைக் கண்டிருக்கிறார். வாப்பா மாதக்கணக்கில் மருந்தே குடிக்கவில்லை என்பது தெரிந்ததும், கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தபடி எல்லாவற்றையும் தன் கையாலேயே கொடுக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் இரவு அவர் மயங்கினார். குடிக்காத மருந்துக்காக நான் கூட்டிக்கொண்டு போன அளவு, குடித்தபோது உயிரைப் பறிக்கப் பார்த்தது.

ஏன் குடிக்கவில்லை என்று விடுதியில் வைத்துக் கேட்டேன். அவருடைய காக்கா சிறுநீரகம் பழுதாகி மௌத்தானவர். சீனிக் குளிசைதான் கிட்னியைப் பழுதாக்கியது என்று ஊரில் கதை. அந்தப் பயம்தான் காரணம். “என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க கேக்கல்லயே டொக்டர். குடிக்கிறீங்கதானே எண்டு சொல்லிட்டு எழுதிட்டீங்க” என்றார்.

இன்று குடும்ப வைத்தியத்துறையில் பயிற்சி பெறும் இளம் வைத்தியர்கள் என்னிடம் வருகிறார்கள். முதல் நாளே இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்வேன். “தானே” என்று முடியும் எந்தக் கேள்வியையும் நோயாளியிடம் கேட்கக் கூடாது என்பது என் கிளினிக்கின் முதல் சட்டம். அந்தச் சொல் கேள்விபோலத் தோன்றும். உண்மையில் பதிலை நாமே சொல்லிவிட்டு நோயாளியிடம் சம்மதம் மட்டும் வாங்குகிறோம். மரியாதை தெரிந்த எந்த முதியவரும் டொக்டரைப் பார்த்து “இல்லை” என்று சொல்ல மாட்டார்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

நமது நாட்டின் இலவச சுகாதார சேவை உலகம் மெச்சியது. தாய் சேய் மரணத்தைக் குறைத்தோம். மலேரியாவை ஒழித்து 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழைப் பெற்றோம். ஆனால் இன்றைய வருத்தங்கள் வேறு. நீரிழிவு, பிரஷர், மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களே நாட்டின் மரணங்களில் 80 வீதத்துக்கும் மேலானவற்றுக்குக் காரணமாக இருக்கின்றன.

ஒரு நுளம்பு மருந்து விசிறலோ ஒரு தடுப்பூசியோ இவற்றை முடித்து வைக்காது. இருபது, முப்பது வருடங்கள் நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து நடத்த வேண்டிய காரியம் இது. குளிசையை எழுதுவது வைத்தியர். அதைக் குடிப்பதும் குடிக்காமல் விடுவதும், சோற்றைக் குறைப்பதும் குறைக்காமல் விடுவதும், நடப்பதும் இருப்பதும் நோயாளி. இருவருக்கும் இடையில் நடக்கும் கதை பிழைத்தால் மற்ற எல்லாம் பிழைக்கும்.

இதை உணர்ந்துதான் 2018 ஆம் ஆண்டு முதல் ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்தும் திட்டங்கள் உலக வங்கியின் கடனுதவியுடன் முன்னெடுக்கப்பட்டன. பெரிய வைத்தியசாலைகளை நோக்கி ஓடும் மக்களை ஊரிலுள்ள சிறிய வைத்தியசாலைக்குத் திருப்ப வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தம்மைத் தெரிந்த ஒரு வைத்தியர் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போவதையும் கண்ட பின்னர் இதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் இது பற்றிய பேச்சுகளைக் கவனித்துப் பாருங்கள். கட்டடம், இரசாயனகூடம், மருந்து, கணினி, ஆளணி என்றுதான் கணக்குப் போகிறது. இவை எல்லாம் வேண்டும், மறுப்பில்லை. எனினும் அந்தப் புதிய கட்டடத்துக்குள் இருக்கப்போகும் இளம் வைத்தியருக்கு நோயாளியுடன் கதைக்கவும் அவர் சொல்வதைக் கேட்கவும் யார் கற்பிக்கப்போகிறார்கள் என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பிறவிக் குணமா, பயிற்சியா?

“அந்த டொக்டர் நல்ல மனிசன், ஆறுதலாகக் கதைப்பார்” என்று ஊரில் சொல்வோம். “இவர் கெட்டிக்காரர், ஆனால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்” என்றும் சொல்வோம். கதைப்பதை நாம் ஒரு குணமாகப் பார்க்கிறோம். சிலருக்கு அது பிறப்பிலேயே வாய்த்தது, சிலருக்கு வாய்க்கவில்லை என்று நினைக்கிறோம். மருத்துவ பீடங்களிலும் நீண்ட காலம் இதே நினைப்புத்தான் இருந்தது.

ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 1975 இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வில், முதன்முறையாக கிளினிக்குக்கு வந்த 80 நோயாளிகளில் 66 பேரின் நோயை, அவர்களை அனுப்பிய வைத்தியரின் கடிதத்தையும் அவர்கள் சொன்ன வரலாற்றையும் கொண்டே சரியாகக் கண்டுபிடிக்க முடிந்திருந்தது. உடற்பரிசோதனையும் இரசாயனகூடப் பரிசோதனையும் மிகுதிச் சிலருக்கே முடிவை மாற்றின. ஆகவே நோயாளியின் பேச்சைக் கேட்பது வெறும் மரியாதை சார்ந்த விடயமல்ல. நோயைக் கண்டுபிடிப்பதற்கு அதுதான் முதல் கருவி.

அந்தக் கருவியை நாம் எப்படிப் பாவிக்கிறோம்? 1984 இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 செக்கன்களில் வைத்தியர் குறுக்கிட்டது தெரியவந்தது. முழுவதையும் சொல்லி முடிக்க விடப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை. அதற்கு முன்னர் 1976 இல் பிரித்தானியாவின் பர்ன், லோங் ஆகிய இருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு நூல் எழுதினார்கள். நோயாளி யாராக இருந்தாலும், வருத்தம் எதுவாக இருந்தாலும், பெரும்பாலான வைத்தியர்கள் தமக்குப் பழகிப்போன ஒரே பாணியிலேயே கதைக்கிறார்கள் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

பழக்கம் என்றால் அதை மாற்றலாம். அந்த நம்பிக்கையில்தான் பிரித்தானியாவில் குடும்ப வைத்தியப் பயிற்சி வளர்ந்தது. மைக்கல் பாலின்ட் 1950களில் வைத்தியர்களைக் குழுவாக இருத்தி, தம்மைக் களைக்க வைக்கும் நோயாளிகளைப் பற்றிக் கதைக்கச் செய்தார். 1984 இல் பென்டில்டனும் சகாக்களும் நோயாளியின் எண்ணம், கவலை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிய வேண்டும் என்றார்கள். 1987 இல் ரொஜர் நெய்பர், “நான் நினைத்தது பிழையாக இருந்தால் என்ன செய்வது?” என்பதை வைத்தியர் முன்கூட்டியே யோசித்து நோயாளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார். இன்று அங்கு குடும்ப வைத்தியராக வர விரும்புபவர் 12 நிமிடங்கள் வீதம் 12 சந்திப்புகளை நடத்திக் காட்டும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எவ்வளவு படித்திருந்தாலும் கதைக்கத் தெரியாவிட்டால் அங்கே சித்தி இல்லை.

நமது நாடும் இதில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. இலங்கைப் பொது வைத்தியர்கள் கல்லூரி 1974 இல் ஆரம்பிக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப வைத்தியத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்ற பல்கலைக்கழகங்களில் குடும்ப வைத்தியத்துக்கெனத் துறைகள் உள்ளன. அங்கெல்லாம் இந்தப் பாடம் கற்பிக்கப்படுகிறது. ஆனால் நமது ஊர்களின் வெளிநோயாளர் பிரிவுகளில் கடமையாற்றுபவர்களில் பெரும்பாலானோர் அந்தப் படிப்புகளுக்குப் போனவர்கள் அல்லர். உள்ளகப் பயிற்சி முடிந்ததும் நேரே கதிரையில் இருத்தப்பட்டவர்கள். நானும் அப்படி இருத்தப்பட்டவன்தான்.

நமது தமிழில் எப்படிக் கேட்பது?

ஆங்கிலப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே தமிழுக்கு மாற்றினால் வேலை செய்யாது. இதை என் பயிற்சியாளர்களிடமிருந்துதான் நான் படித்தேன். எண்ணம், கவலை, எதிர்பார்ப்பு மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒரு தம்பி, முதுகு வலியுடன் வந்த ஒரு மூத்தம்மாவிடம், “உங்கட எதிர்பார்ப்பு என்ன?” என்று கேட்டார். மூத்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு, “எனக்கென்ன மகன் தெரியும், நீங்கதானே டொக்டர்” என்றார். புத்தகத்தின்படி கேள்வி சரி. அந்த மனுசியின் காதில் அது, “உனக்கு என்ன வேணும், சொல்லு” என்று விழுந்துவிட்டது.

பின்னர் நாங்கள் இருவரும் இருந்து, நமது ஊர்ப் பேச்சில் அதே விடயத்தை எப்படிக் கேட்பது என்று யோசித்தோம். “இந்த வலியப் பத்தி வீட்டில என்னெண்டு கதச்சீங்க?” என்று கேட்டால் எண்ணம் வந்துவிடும். “ஆருக்காவது இப்படி வந்து பாத்திருக்கீங்களா?” என்றால் பயம் வெளியே வரும். “இண்டைக்கு வரோணும் எண்டு ஏன் நினச்சீங்க?” என்றால் எதிர்பார்ப்பும் வந்துவிடும். அந்த மூத்தம்மாவிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது, தங்கைக்கு முதுகு வலி என்று தொடங்கிக் கடைசியில் புற்றுநோய் என்று மஹரகமவுக்கு அனுப்பியதைச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது வலிக்குளிசை அல்ல. அந்தப் பயத்துக்கு ஒரு பதில். ஒழுங்காகப் பரிசோதித்து, ஏன் இது அதுவல்ல என்று நினைக்கிறோம் என்பதை விளக்கி, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம்.

மருந்து பற்றிக் கேட்பதற்கும் இப்படி ஒரு வழி உண்டு. “கன பேருக்கு இவ்வளவு குளிசையையும் நாளாந்தம் குடிக்கிறது கஷ்டம். போன கிழமையில உங்களுக்கு எத்தின நாள் தவறினது?” இப்படிக் கேட்டால் தவறியதைச் சொல்வது வெட்கமான காரியமாக இருக்காது. அன்று நான் இப்படிக் கேட்டிருந்தால் பிஸ்கட் டின்னின் கதை முதல் மாதமே வெளிவந்திருக்கும்.

நோன்பு காலத்துக்கும் இது பொருந்தும். நீரிழிவு நோயாளியிடம், “நோன்பு பிடிக்காதீங்க” என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் நோன்பு பிடிப்பார். குளிசையை ஸஹருக்கா இஃப்தாருக்கா குடிப்பது என்பதையும் தானே முடிவு செய்வார். ரமழானுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே, “நோன்பு பற்றி என்ன யோசிச்சிருக்கீங்க?” என்று கேட்டால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுக்கலாம். நோன்பு அவருக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் அதையும் காரணத்தோடு விளக்கலாம். சீனி இறங்கினால் உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொல்ல முடியும். என்னிடம் பயின்ற சிங்கள, தமிழ் வைத்தியர்கள் இதை ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள்.

கடைசி அரை நிமிடமும் முக்கியமானது. டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டது, சுகம் என்று வீட்டார் நினைக்கும் நேரம் அது. “கூடினால் வாங்க” என்று சொல்லி அனுப்புவது இங்கே போதாது. “காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று நோவு, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், சலம் குறைதல், எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், இதில் ஒன்று இருந்தாலும் ராவெண்டும் பாராம கொண்டு வாங்க” என்று சொல்ல வேண்டும். பிறகு, “இப்ப நான் சொன்னத வீட்டில போய் எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்க வேண்டும். “விளங்கினதுதானே?” என்று கேட்கக் கூடாது. அங்கேயும் அந்த “தானே” ஒளிந்திருக்கிறது.

கற்பிக்கும் முறை

இது விரிவுரையால் வரும் வித்தையல்ல. சைக்கிள் ஓட்டுவதைப் புத்தகத்தில் படிக்க முடியாததுபோல. நான் பின்பற்றும் முறை எளிமையானது. முதல் சில நாட்கள் பயிற்சியாளர் மூலைக் கதிரையில் பேசாமல் இருந்து நான் செய்வதைப் பார்ப்பார். பிழைகளையும் குறித்துக்கொள்வார். என் பிழையைத்தான். பிறகு கதிரைகள் மாறும். அவர் நோயாளியைப் பார்ப்பார், நான் மூலையில் இருப்பேன். நோயாளியின் எழுத்து மூலமான சம்மதத்துடன் சில சந்திப்புகளை வீடியோ எடுத்து, பின்னேரத்தில் இருவரும் பார்த்துவிட்டு அழித்துவிடுவோம். முதலில் என்ன சரியாக நடந்தது என்பதை அவரே சொல்ல வேண்டும். பிறகு நான். அதன் பின்னர்தான் வேறு விதமாக எதைச் செய்திருக்கலாம் என்ற பேச்சு.

தன்னைத் தானே திரையில் பார்ப்பதுபோல ஒரு பாடம் வேறில்லை. ஒரு பயிற்சி வைத்தியை, உடல் முழுக்க நோகிறது என்று மூன்றாவது தடவையாக வந்த ஓர் இளம் தாயைப் பார்த்தார். கூட வந்த கணவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். வைத்தியையும் அவரிடமே கேட்டு, விட்டமின் எழுதினார். வீடியோவைப் பார்த்தபோதுதான் அந்தத் தாய் இரண்டு தடவை வாய் திறக்கப் போய் மூடியது அவருடைய கண்ணில் பட்டது. வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கிழமை அந்தத் தாயை மீண்டும் அழைத்து, பரிசோதிக்கும் திரைக்குப் பின்னால் தனியாக, “நித்திரை எப்படி ராத்தா?” என்று மட்டும் கேட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து இருந்த அழுகையும் மனச்சோர்வும் அப்போதுதான் வெளிவந்தன. விட்டமினால் தீராத வருத்தம் அது.

நமது ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். வெளிநோயாளர் பிரிவில் ஒரே அறையில் இரண்டு வைத்தியர்கள். கதிரையில் ஒருவர் இருக்க, முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் கொப்பியோடு நிற்பார்கள். அதில் ஒருவர் மச்சி, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். இங்கே எந்தப் பெண் தன் மனதைத் திறப்பார்? கேட்கும் கலையைக் கற்பித்தாலும், அதைப் பாவிப்பதற்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும்.

மொழி என்ற மதில்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் தெற்கிலோ மலையகத்திலோ உள்ள பல வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் நோயாளி இன்றும் தன் வருத்தத்தை அரைகுறைச் சிங்களத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. “வயிற்று எரிவு”, “நெஞ்சு எரிவு”, “நெஞ்சடைப்பு” மூன்றும் வேறு வேறு என்பதை எந்தச் சைகையால் விளக்குவது? கிழக்குக்கு நியமனம் பெற்று வரும் சிங்கள வைத்தியருக்கும் இதே கஷ்டம். இடையில் மொழிபெயர்ப்பவர் சிற்றூழியர், சிலவேளை நோயாளியின் பத்து வயதுப் பிள்ளை. உம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டும் என்றால் அந்தக் கேள்வியே கேட்கப்படாமல் போய்விடும்.

என்னிடம் வந்த ஒரு சிங்களப் பயிற்சியாளர் முதல் மாதத்திலேயே ஒரு சின்னக் கொப்பியில் நமது மக்கள் வருத்தத்தைச் சொல்லும் சொற்களை எழுதிவைத்துப் பாடமாக்கினார். “கொதி”, “ஓங்காளம்”, “தலைச்சுத்து”, “கைகால் விறைப்பு”. அவர் பிழையாக உச்சரிக்கும்போது நோயாளிகள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி இடைவெளி குறைந்துவிடும். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் பலவந்தமாகத் தகனம் செய்யப்பட்டபோது, வைத்தியசாலை என்றாலே நமது மக்களின் மனதில் ஓர் அச்சம் படிந்தது. அதைத் துடைக்க அறிக்கைகள் மட்டும் போதாது. “வாங்க ராத்தா, இரிங்க, என்ன செய்யுது?” என்று தமிழில் கேட்கும் ஒரு சிங்கள வைத்தியரால் அது கொஞ்சம் கொஞ்சமாக முடியும். தெற்கில் சிங்களத்தில் அதையே கேட்கும் ஒரு முஸ்லிம் வைத்தியராலும் முடியும்.

“நேரம் எங்கே?”

இதைச் சொல்லும்போதெல்லாம் சக வைத்தியர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. காலையில் நான்கு மணித்தியாலத்தில் நூறு பேரைப் பார்த்தால் ஒருவருக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 2017 இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வின்படி ஆரம்ப வைத்திய சேவையில் ஒரு சந்திப்பின் சராசரி நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 செக்கன். நாமும் பங்களாதேஷுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 2002 இல் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 செக்கன்களில் தாமாகவே பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் பயப்படுவதுபோல எவரும் அரை மணித்தியாலம் கதை சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து நமது ஊர் அல்லதான். எனினும் நானும் பயிற்சியாளர்களும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பலமுறை சோதித்திருக்கிறோம். நமது ஆட்களும் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கேட்காமல் விட்டதால் அதே வருத்தத்துக்கு மூன்று தடவை வருபவருக்குச் செலவாகும் நேரத்தை யார் கணக்கிடுகிறார்கள்? என் வயற்காரர் விடுதியில் கிடந்த மூன்று நாட்களின் செலவு என்ன?

இருந்தாலும் முழுப் பாரத்தையும் இளம் வைத்தியரின் தலையில் வைப்பது அநியாயம். நூறு பேருக்கு ஒருவர் என்ற நிலையில் எவ்வளவு பயிற்சி பெற்றவரும் மூன்று மாதத்தில் பழைய பாணிக்குத் திரும்பிவிடுவார். ஆகவே சுகாதார அமைச்சும் மருத்துவ பீடங்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. உள்ளகப் பயிற்சி முடித்து வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சில கிழமைகளாவது ஒரு குடும்ப வைத்தியரின் அருகில் இருந்து பழகும் வாய்ப்பு வேண்டும். மருத்துவ பீடங்களின் இறுதிப் பரீட்சையில் கதைக்கும் திறனுக்கு உரிய புள்ளிகள் வேண்டும், அதுவும் சிங்களம், தமிழ் இரண்டிலும். பரீட்சையில் இல்லாததை எந்த மாணவனும் படிக்க மாட்டான். சிறிய வைத்தியசாலைகளில் ஒருவருக்கு ஓர் அறையும், நீண்டகால நோயாளர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் முறையும் வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

நமது பங்கு

குறையை வைத்தியர் பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் போக முடியாது. கேள்வி கேட்கும் இளம் வைத்தியரைப் பார்த்து, “இவருக்கு ஒண்டும் தெரியா, எல்லாத்தையும் எங்கட்டயே கேக்கிறார்” என்று சொல்பவர்கள் நாம்தான். ஊசி போடாவிட்டால் வைத்தியமே இல்லை என்று நினைப்பவர்களும் நாம்தான். காலையில் ஓ.பி.டி., பின்னேரம் டிஸ்பென்சரி, அடுத்த நாள் கொழும்பில் சனல் என்று மூன்று இடத்தில் மருந்து வாங்கி, ஒருவருக்கு மற்றவர் கொடுத்ததைச் சொல்லாமல் விடுவதும் நமது பழக்கம்.

கிளினிக்குக்குப் போகும்போது குடிக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குடிக்காததையும் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லுங்கள். மனதிலுள்ள முக்கியமான விடயத்தை வாசலில் எழும்பி நிற்கும்போது சொல்லாமல், இருந்தவுடன் சொல்லுங்கள். பயிற்சி வைத்தியர் ஒருவர் அறையில் இருக்கலாமா என்று கேட்டால், முடிந்தால் சம்மதியுங்கள். விருப்பமில்லாவிட்டால் மறுப்பதும் உங்கள் உரிமை. அதனால் உங்கள் வைத்தியம் குறையக் கூடாது. பள்ளிவாசல்களும் ஊர்ச் சங்கங்களும் நடத்தும் மருத்துவ முகாம்களில் சீனி, பிரஷர் பார்த்து அனுப்புவதோடு நில்லாமல், டொக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் கால் மணித்தியாலம் பேசலாம்.

அந்த வயற்காரர் அதன் பிறகும் பல வருடங்கள் என்னிடம் வந்தார். முழுக் கதையையும் கேட்ட பின்னர், அவருடைய சீனியைக் கட்டுப்படுத்த முன்னர் எழுதிய அளவில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. சில மாதங்களில் குடிக்காமல் விட்டதையும் தானாகவே சொல்வார். இன்று அவர் உயிருடன் இல்லை. அல்லாஹ் அவருக்குச் சுவனத்தை வழங்கட்டும்.

போன மாதம் ஒரு பயிற்சியாளர், புதிதாக வந்த ஒரு பிரஷர் நோயாளியிடம், “மருந்து ஒழுங்கா...” என்று தொடங்கி, மூலையில் இருந்த என்னைப் பார்த்து நிறுத்திவிட்டு, “போன கிழமையில எத்தின நாள் தவறினது வாப்பா?” என்று கேட்டார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு நாள்” என்றார். அதன் பின்னர்தான் வைத்தியம் தொடங்கியது.